ஃபாக்டோரியோவில் முதல் நீராவி மின்நிலையம்: கட்டுவதும் அணையாமல் ஓட்டுவதும்

தொழிற்சாலை கட்டும் கணினி விளையாட்டான ஃபாக்டோரியோவில் பாய்லர் வெடிக்காது. மைன்கிராஃப்டில் கிரெக்டெக், ரெயில்கிராஃப்ட் போன்ற மாட்களை (ஆட்டத்தோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் தொகுப்புகள்) ஆடிவிட்டு வருகிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அங்கே தண்ணீர் வற்றிச் சூடேறிய பாய்லருக்குள் மறுபடி தண்ணீர் விட்டால் பக்கத்தில் இருப்பதெல்லாம் பறக்கும். இங்கே தண்ணீர் தீர்ந்த பாய்லர் சும்மா நிற்கும். குழாயைச் சரிசெய்தால் எதுவும் நடக்காத மாதிரி வேலையைத் தொடங்கிவிடும்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தொழிற்சாலை வளர வளர மின்சாரம் போதாமல் போகும். போதாதபோது மின்சாரத்தில் ஓடும் எல்லாமே மெதுவாகும், நிலக்கரி தோண்டும் ட்ரில்களும் அதைப் பாய்லருக்குள் எடுத்துப் போடும் இன்சர்ட்டர்களும் உட்பட. பாய்லருக்கு நிலக்கரி குறையும், அதனால் மின்சாரம் இன்னும் குறையும், ட்ரில் இன்னும் மெதுவாகும். சில நிமிடங்களில் மொத்த வரைபடமும் இருட்டு. புதிதாக ஆடுகிறவர்களின் முதல் பெரிய கரண்ட் கட் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் பாதி, பாய்லர் வரிசையை எப்படி அடுக்குவது என்பது. மீதிப் பாதி, மின்நிலையம் தன்னுடைய மின்சாரத்தையே நம்பி நிற்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பது.

எண்கள் எல்லாம் 2024 அக்டோபரில் வந்த 2.0 பதிப்புக்கு உரியவை. மாட் எதுவும் போடாத சாதாரண ஆட்டம், தொடங்கும் கிரகமான நவ்விஸ்.

இடம் பார்ப்பது

50 இரும்புத் தகடு உருக்கி முடித்ததும் நீராவித் தொழில்நுட்பம் தானாகத் திறந்துகொள்ளும். அதற்கு முன்பே வரைபடத்தைத் திறந்து தண்ணீர் எங்கே, நிலக்கரி எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பக்கத்தில் இருந்தால் யோசிக்க வேண்டியதில்லை. தள்ளித் தள்ளி இருந்தால், நிலக்கரியைத் தண்ணீருக்குக் கொண்டுபோவதா, தண்ணீரை நிலக்கரிக்குக் கொண்டுவருவதா என்ற கேள்வி வரும்.

நான் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்வேன். பழைய பதிப்புகளில் குழாய் நீள நீள ஓட்டம் குறையும். 2.0-இல் அந்தத் தொல்லை இல்லை. 320 கட்டத்துக்குள் இருக்கும் குழாய்த் தொடரில் தண்ணீர் தடையின்றி ஓடும். ஒரு கட்டத்துக்கு ஒரு இரும்புத் தகடுதான் செலவு. நிலத்தடிக் குழாயாகப் போட்டால் நடந்துபோக வழியும் கிடைக்கும்.

இடம் தாராளமாக விடுங்கள். முதலில் 3 பாய்லர்தான் வைக்கப் போகிறீர்கள் என்றாலும் 20 பாய்லருக்கான நிலத்தை ஒதுக்கி வையுங்கள். மின்நிலையத்துக்கு ஒட்டி ஆய்வுக்கூடமும் பொருள் தயாரிக்கும் அசெம்பிளரும் கட்டிவிட்டு, பிறகு எல்லாவற்றையும் பிடுங்கி நடுகிறவர்கள் நிறையப் பேர்.

ஒரு பம்ப், ஒரு பாய்லர், இரண்டு எஞ்சின்

அடிப்படைக் கணக்கு சுலபம். ஒரு பாய்லர் முழுவேகத்தில் 1.8 மெகாவாட் அளவுக்கு எரிபொருளை எரிக்கும். ஒரு ஸ்டீம் எஞ்சின் 900 கிலோவாட் தரும். ஆகவே 1 பாய்லருக்கு 2 எஞ்சின். மூன்றாவது எஞ்சினை மாட்டினாலும் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. நீராவியைப் பங்கு போட்டுக்கொள்ளும், அவ்வளவுதான்.

கரையில் வைக்கும் பம்ப் நொடிக்கு 1200 அலகு தண்ணீர் இறைக்கும். அதற்கு மின்சாரம் தேவையில்லை என்பது பெரிய நிம்மதி. பழைய வழிகாட்டிகளில் 1:20:40 என்ற விகிதத்தைப் பார்த்திருப்பீர்கள்: ஒரு பம்புக்கு 20 பாய்லர், 40 எஞ்சின். 2.0-இல் ஒரு அலகு தண்ணீர் பத்து அலகு நீராவியாகிறது. பாய்லர் ஒன்றுக்கு நொடிக்கு 6 அலகு தண்ணீர் போதும், எனவே ஒரே பம்ப் 200 பாய்லரைத் தாங்கும். தண்ணீரைப் பற்றிய கவலையை இங்கேயே விட்டுவிடலாம். 20 பாய்லர், 40 எஞ்சின் என்ற கணக்கு மட்டும் இன்னும் நல்ல இலக்குதான், ஏனென்றால் அது 36 மெகாவாட். ராக்கெட் பக்கம் போகும்வரை கிட்டத்தட்ட அதை வைத்தே ஓட்டலாம்.

பாய்லருக்கு ஒரு கல் உலையும் 4 குழாயும் வேண்டும். எஞ்சின்தான் விலை: எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 31 இரும்புத் தகடு. அதனால் தொடக்கத்தில் 3 பாய்லர், 6 எஞ்சினோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 5.4 மெகாவாட் வரும். முதல் ஆய்வுகளுக்கு அது தாராளம்.

வரிசையை அடுக்குவது

பாய்லர் 3 கட்டம் அகலம், 2 கட்டம் ஆழம். தண்ணீர் அதன் இரு பக்கவாட்டிலும் நுழைந்து வெளியேறும். நீராவி முன்பக்க நடுவிலிருந்து வரும். இதனால் பாய்லர்களைத் தோளோடு தோள் ஒட்டி வைத்தாலே போதும், தண்ணீர் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தானாகப் போகும். தனித்தனியாகக் குழாய் இழுக்க வேண்டாம். வைக்கும்போது ஆர் விசையால் திருப்பி, அம்புக்குறிகளைப் பார்த்து வையுங்கள். ஆல்ட் விசையை ஒருமுறை தட்டிவிட்டால், எந்த இயந்திரத்துக்குள் எது ஓடுகிறது என்பது மேலேயே தெரியும். அதை அணைக்காமலே ஆடுவது நல்லது.

எஞ்சினும் 3 கட்டம் அகலம்தான், நீளம் 5. எனவே ஒவ்வொரு பாய்லரின் முன்னாலும் இரண்டு எஞ்சினை நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும். முதல் எஞ்சின் வழியாகவே நீராவி இரண்டாவதற்குப் போய்விடும். பாய்லரின் முதுகுப் பக்கம் இன்சர்ட்டர், அதற்குப் பின்னால் நிலக்கரியைச் சுமந்துவரும் பெல்ட். பெல்ட்டின் மறுபக்கத்திலும் இதே மாதிரி ஒரு வரிசை அடுக்கினால், ஒரே பெல்ட் 10 + 10 பாய்லருக்கு நிலக்கரி தரும்.

இப்படிக் கச்சிதமாக அடுக்கியதும் ஒரு சிக்கல் தெரியும்: மின்கம்பம் நட இடமே இருக்காது. சிறிய கம்பம் 5க்கு 5 கட்டத்தைத்தான் தொடும். இன்சர்ட்டர் வரிசையில் நட்டால் பாய்லர் வரைதான் எட்டும், எஞ்சினை எட்டாது. இதற்கு எளிய வழி, முதல் எஞ்சினுக்கும் இரண்டாவதற்கும் நடுவே ஒரே ஒரு குழாய்த் துண்டு வைப்பது. ஒரு கட்ட இடைவெளி கிடைக்கும். குழாய்கள் அந்த இடைவெளியின் நடுக் கட்டத்தில் மட்டும் இருப்பதால், அவற்றுக்கு இடையில் கம்பம் நடலாம். ஒரு கம்பம் முன்னும் பின்னும் பக்கத்திலும் உள்ள எஞ்சின்களைத் தொட்டுவிடும். எந்தக் கம்பமும் தொடாத எஞ்சின், நீராவி நிரம்பி, அழகாக நின்றுகொண்டிருக்கும். ஒரு வாட்கூடத் தராது. கட்டி முடித்ததும் ஒவ்வொரு எஞ்சினாகப் பார்த்துவிடுங்கள்.

முதல் நிலக்கரியைக் கையாலேயே போட்டு ஓட்டிப் பாருங்கள். 50 துண்டு அடங்கிய ஒரு அடுக்கு 200 மெகாஜூல். முழுவேகத்தில் ஒரு பாய்லர் இதை 2 நிமிடத்துக்குள் தின்றுவிடும். ஆனால் பாய்லர் தேவைக்கு ஏற்பவே எரிக்கும். ஒரு ஆய்வுக்கூடம் வெறும் 60 கிலோவாட் என்பதால், ஆரம்பத்தில் அந்த 50 துண்டு நிறைய நேரம் வரும். மின்சாரம் வேண்டாதபோது எரிபொருள் வீணாகாது, ஆகவே கூடுதல் பாய்லர் வைப்பதில் நஷ்டமில்லை.

நிலக்கரிக் கணக்கு

பலர் இதைப் போடுவதே இல்லை. ஒரு துண்டு நிலக்கரி 4 மெகாஜூல். 1.8 மெகாவாட் பாய்லருக்கு நொடிக்கு 0.45 துண்டு. 20 பாய்லர் முழுவேகத்தில் ஓடினால் நொடிக்கு 9 துண்டு.

அடிப்படை வகையான மஞ்சள் பெல்ட் நொடிக்கு 15 துண்டு சுமக்கும், ஆனால் அது இரண்டு தடமும் நிரம்பி இருந்தால்தான். ஒரே தடம் என்றால் 7.5. அதாவது 16 பாய்லருக்குத்தான் வரும். வரிசையின் கடைசி பாய்லர்கள் பட்டினி. பகலெல்லாம் பிரச்சினை இல்லாத மாதிரி இருக்கும், சுமை முழுதாக ஏறும்போதுதான் தெரியும். இரண்டு தடமும் நிரம்ப, சுரங்கத்தில் பெல்ட்டின் இரு பக்கமும் ட்ரில் வையுங்கள்.

எலக்ட்ரிக் ட்ரில் ஒன்று நொடிக்கு 0.5 துண்டு தோண்டும். 9 துண்டுக்கு 18 ட்ரில். உங்கள் முதல் 3 பாய்லருக்கு 3 ட்ரில் போதும். பாய்லர் கூட்டும்போதெல்லாம் ட்ரில்லையும் கூட்டுங்கள். புதியவர்கள் பாய்லரைக் கூட்டிவிட்டு, மின்சாரம் ஏன் ஏறவில்லை என்று எஞ்சினையே சுற்றிச் சுற்றி வருவார்கள். ஓட்டை சுரங்கத்தில் இருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம். நிலக்கரிப் படுகையும் இரும்புத் தாதுப் படுகையும் ஒட்டி இருந்தால், ஓரத்தில் வைத்த ட்ரில் இரண்டையும் கலந்து பெல்ட்டில் போடும். அதன் 5க்கு 5 எல்லைக்குள் எது இருந்தாலும் தோண்டும். இன்சர்ட்டர் எரியக்கூடியதை மட்டும் எடுக்கும், தாது பெல்ட்டின் முனையில் போய் அடைத்துக்கொண்டு நிற்கும், நிலக்கரி வராது. ஓரத்தை விட்டு உள்ளே தள்ளி ட்ரில் வைப்பதே சரி. அடுத்து, அதே நிலக்கரி உலைகளுக்கும் பிற்பாடு பிளாஸ்டிக்குக்கும் போகும். பெல்ட் பிரியும் இடத்தில் ஸ்ப்ளிட்டரைத் திறந்து, மின்நிலையம் இருக்கும் பக்கத்துக்கு முன்னுரிமை கொடுங்கள். உலை பத்து நிமிடம் நின்றால் பரவாயில்லை.

பர்னர் இன்சர்ட்டரும் தனி வலையும்

இப்போது தலையாய விஷயம். பாய்லருக்கு நிலக்கரி போடும் இன்சர்ட்டர்கள் பர்னர் வகையாக இருக்கட்டும். அது மின்சாரத்தில் ஓடாது, தான் எடுக்கும் நிலக்கரியிலேயே தனக்கும் கொஞ்சம் வைத்துக்கொள்ளும். வேகம் குறைவுதான், ஆனால் ஒரு பாய்லரின் பசிக்கு அது போதும். வைத்ததும் ஒவ்வொன்றிலும் கையால் ஒரு துண்டு போட்டுவிடுங்கள், உடனே ஆடத் தொடங்கும். மின்சாரத்தில் ஓடும் மஞ்சள் இன்சர்ட்டர் வந்ததும் இதையெல்லாம் பழையது என்று பிடுங்கி எறிகிறார்கள். மற்ற இடங்களில் எறியுங்கள். பாய்லர் வாசலில் வேண்டாம்.

இதோடு முடிந்ததாகப் பல வழிகாட்டிகள் சொல்லும். பாதிதான் முடிந்தது. பர்னர் இன்சர்ட்டர் எவ்வளவு நம்பகமாக இருந்தாலும் பெல்ட்டில் நிலக்கரி வந்தால்தானே எடுக்கும்? தோண்டும் ட்ரில் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. மின்சாரம் பாதியானால் தோண்டுவதும் பாதி.

அதனால் சுரங்கத்துக்கென்று தனியாக ஒரு சின்ன மின்வலை கட்டுங்கள். ஒரு பாய்லர், இரண்டு எஞ்சின், 1.8 மெகாவாட். ஒரு ட்ரில் 90 கிலோவாட். 18 ட்ரில்லுக்கு 1.62 மெகாவாட். அளவாகப் பொருந்துகிறது. மீதி 180 கிலோவாட்தான் என்பதால் அந்த வலையில் வேறெதையும் தொங்கவிடாதீர்கள். 20 மஞ்சள் இன்சர்ட்டர் ஒரே நேரத்தில் ஆடினாலே 260 கிலோவாட்டைத் தாண்டும். பர்னர் வகையை வைக்க இதுவும் ஒரு காரணம். இந்தத் தனிப் பாய்லர் பெல்ட்டின் தலைப்பில், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்க வேண்டும். நிலக்கரி எவ்வளவு குறைவாக வந்தாலும் முதல் வாய் அதற்கு. தண்ணீரைப் பொதுக் குழாயிலிருந்தே எடுக்கலாம். நீராவி மட்டும் தனியாக இருக்கட்டும்.

வலையைப் பிரிப்பதில் கை கொஞ்சம் கவனம். கம்பம் நட்டவுடன் பக்கத்துக் கம்பத்தோடு தானாகக் கம்பி இழுத்துக்கொள்ளும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு கம்பத்தைச் சொடுக்கினால் அதன் கம்பிகள் கழன்றுவிடும். பிறகு வேண்டியதை மட்டும் செப்புக் கம்பியால் நீங்களே இணையுங்கள். கம்பி பிரிந்துவிட்டது என்பதற்காக வேலை முடிந்ததென்று நினைக்கவும் வேண்டாம். இரண்டு வலையின் கம்பங்களும் ஒரே எஞ்சினைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த எஞ்சின் இரண்டுக்கும் மின்சாரம் தரும். சுரங்கத்துக்கென்று வைத்த மின்சாரத்தைத் தொழிற்சாலை சத்தமில்லாமல் உறிஞ்சும். தனி வலையின் எஞ்சின்களை மற்றவற்றிலிருந்து நாலைந்து கட்டம் தள்ளியே வைத்துவிட்டால் இந்த வம்பே இல்லை.

கம்பத்தைச் சொடுக்கிப் பாருங்கள்

எந்த மின்கம்பத்தைச் சொடுக்கினாலும் அந்த வலையின் கணக்கு திறக்கும். மேலே இரண்டு பட்டைகள் முக்கியம். ஒன்று, கேட்கிற மின்சாரத்தில் எவ்வளவு கிடைக்கிறது என்பது. இன்னொன்று, உற்பத்தித் திறனில் எவ்வளவு பயன்படுகிறது என்பது. எல்லோரும் முதல் பட்டை பச்சையாக நிரம்பியிருப்பதைப் பார்த்துத் திருப்தியாகிவிடுகிறார்கள். அது குறையும்போது பிரச்சினை வந்தேவிட்டது. இரண்டாவதைப் பாருங்கள். அது முக்கால்வாசியைத் தாண்டினால் பாய்லர் கூட்டும் நேரம்.

பெரிதாக ஏதாவது கட்டுவதற்கு முன்பும் ஒரு கணக்குப் போடுங்கள். எலக்ட்ரிக் உலை ஒன்று 180 கிலோவாட். ஒரு பெல்ட்டுக்கு என்று 48 உலையை வரிசையாக வைத்தால் 8.64 மெகாவாட், அதாவது 5 பாய்லர், 10 எஞ்சின். கல் உலையைக் கழற்றிவிட்டு இதை மாட்டுகிற அன்றுதான் பலருக்கும் விளக்கு அணைகிறது.

புகையும் பூச்சிகளும்

முழுவேகத்தில் ஓடும் பாய்லர் நிமிடத்துக்கு 30 அலகு மாசு விடும். ஒரு எலக்ட்ரிக் ட்ரில்லின் மாசு 10 தான். 20 பாய்லர் என்றால் 600. வரைபடத்தில் மாசு மேகத்தைக் காட்டும் பொத்தானை அழுத்தினால் சிவப்பாகப் பரவுவது தெரியும். அது எதிரிகளான பூச்சிகளின் கூட்டைத் தொட்டதும், கூடு அந்த மாசை உறிஞ்சி ஆள் திரட்டி அனுப்பும். மரங்கள் மாசைக் குடிக்கும். எனவே கூடுகளுக்கும் மின்நிலையத்துக்கும் நடுவே காடு இருந்தால் அதை வெட்டாதீர்கள்.

மின்நிலையத்தைச் சுற்றித் தோட்டா போடும் டரெட்டுகளை (தானாகச் சுடும் துப்பாக்கிகள்) வையுங்கள். பிற்பாடு லேசர் டரெட் வந்தாலும் இந்த ஒரு இடத்தில் தோட்டா டரெட் சில இருக்கட்டும். லேசருக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் தடுமாறும் நேரத்தில் பூச்சிகள் பாய்லரைக் கடிக்க வந்தால் லேசரால் உதவி இல்லை.

பாய்லரில் மாட்யூல் (இயந்திரத்துக்குள் சொருகும் மேம்பாட்டுத் துண்டு) போட இடமில்லை. ஆனால் ட்ரில்லில் 3 இடம் உண்டு. மின்செலவைக் குறைக்கும் முதல்நிலை எஃபிஷியன்சி மாட்யூல் மூன்று போட்டால் 90 கிலோவாட் 18 ஆகிவிடும், மாசும் அதே விகிதத்தில் இறங்கும். மாட்யூல் திறந்தவுடன் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

நீராவியைச் சேமிக்கலாம்

சேமிப்புத் தொட்டி ஒன்றைப் பாய்லருக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைத்தால் 25,000 அலகு நீராவி பிடிக்கும். 165 டிகிரி நீராவி ஒரு அலகுக்கு 30 கிலோஜூல், ஆக ஒரு தொட்டி 750 மெகாஜூல். மின்சாரத்தைச் சேமிக்கும் அக்யுமுலேட்டர் ஒன்று வெறும் 5 மெகாஜூல்தான். ஒரே தொட்டி 150 அக்யுமுலேட்டருக்குச் சமம். நிலக்கரி நின்றுபோனாலும் ஒரு எஞ்சினை இது 13 நிமிடத்துக்கு மேல் ஓட்டும். தனி வலையில் ஒரு தொட்டி வைத்துவிடுங்கள். எஞ்சினின் உச்சத்தை இது கூட்டாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 900 கிலோவாட் எஞ்சின் 900-தான் தரும்.

கரண்ட் போயே போய்விட்டால்

பதறி எல்லாப் பாய்லரிலும் நிலக்கரி அள்ளிப் போடாதீர்கள். முழுத் தொழிற்சாலையும் இணைந்திருக்கும்போது அது சில நொடியில் கரைந்துவிடும். முதலில் சுமையைக் கழற்றுங்கள். மின்நிலையத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போகும் வழியில் ஒரு கம்பத்தை எடுத்துவிட்டால் போதும். சுரங்கத்துக்குத் தனி வலை இல்லையென்றால், சுரங்கமும் மின்நிலையமும் மட்டும் ஒரே வலையில் மிஞ்ச வேண்டும். இதற்காகவே தொழிற்சாலைக்குப் போகும் கம்பி ஒற்றை வழியாக இருப்பது நல்லது. நாலு பக்கமும் கம்பி ஓடினால் எதை அறுப்பது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பிறகு பெல்ட்டின் தலைப்பில் இருக்கும் இரண்டு மூன்று பாய்லருக்குக் கையால் 50 துண்டு போடுங்கள். நிலக்கரியைக் கையில் எடுத்து, கண்ட்ரோல் விசையோடு சொடுக்கினால் சட்டென்று உள்ளே போகும். கையிருப்பு இல்லையென்றால் மரக்கட்டையும் எரியும், துண்டுக்கு 2 மெகாஜூல். ட்ரில்கள் முழுவேகத்துக்கு வரும். பெல்ட் கடைசி பாய்லர் வரை நிரம்பி நிற்கும்வரை காத்திருங்கள். பெல்ட் நகர்வதைப் பார்த்தவுடனே இணைத்துவிட ஆசை வரும், நிரம்பி நிற்கட்டும். பர்னர் இன்சர்ட்டர்களில் ஏதாவது அசையாமல் இருந்தால் அதற்கும் ஒரு துண்டு.

அதன்பின் கம்பத்தைத் திரும்ப நட்டு, உடனே அதைச் சொடுக்கி உற்பத்திப் பட்டையைப் பாருங்கள். முழுதாக நிரம்பிவிட்டால் திறன் போதவில்லை என்று அர்த்தம். மறுபடி கழற்றி, பாய்லரும் ட்ரில்லும் கூட்டிவிட்டு இணையுங்கள். அவசரத்துக்கு எலக்ட்ரிக் உலை வரிசையையோ ஆய்வுக்கூடங்களையோ மட்டும் கம்பி பிரித்து வைத்துவிட்டு மற்றவற்றை ஓட்டலாம். பட்டை நிரம்பாமலே மின்சாரம் போயிருந்தால் பெல்ட்டின் வழியே சுரங்கம் வரை நடந்து பாருங்கள்: தீர்ந்துபோன படுகை, முனையில் அடைத்த தாது, பூச்சி கடித்த ஒரு கட்டப் பெல்ட், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.